காப்பித் தண்டைக் குடையும் வண்டு

கேள்வி: சேர்வராயன் மலையில் உள்ள எங்கள் தோட்டத்தில் சில அராபிகா செடிகளின் இலைகள் மஞ்சளாகி வாடுகின்றன. தண்டின் பட்டையில் வரிவரியாகப் புடைப்புகள் தெரிகின்றன. புழு எதுவும் கண்ணில் படவில்லை. மருந்து தெளித்தால் சரியாகுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: நீங்கள் கூறும் அடையாளங்கள், தோட்டங்களில் ‘போரர்’ எனப்படும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானையே காட்டுகின்றன. சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட இது, நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள கரிய உடலில் வெளிறிய பட்டைகள் ஓடும். உறவினங்களைப் போலன்றி உணர்கொம்புகள் குட்டையானவை.

பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். சுமார் பத்து நாளில் வெளிவரும் புழு முதலில் பட்டைக்கு அடியிலுள்ள திசுவைத் தின்கிறது. நீங்கள் கண்ட புடைப்புகள் அப்போது உண்டானவை. பிறகு கட்டைக்குள் புகுந்து, தான் குடைந்த வழியைத் தன் கழிவுத்தூளாலேயே இறுக அடைத்துக்கொண்டு முன்னேறுவதால், அந்நிலையில் எந்த மருந்தும் அதைச் சென்றடைவதில்லை. எட்டு முதல் பத்து மாதங்கள் இப்படி உள்ளேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகத் துளையிட்டு வெளியேறும். தென்னிந்தியாவில் ஏப்ரல்–மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இவை பறக்கின்றன.

ஆகவே, அந்தப் பருவங்களுக்கு முன்னதாக, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புடைப்புள்ள செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். விறகுக்காக அடுக்கி வைத்தால் அதிலிருந்தே வண்டுகள் கிளம்பும். நல்ல செடிகளின் நடுத்தண்டிலும் பருத்த கிளைகளிலும் உள்ள தளர்ந்த பட்டையை, பச்சைப் பகுதி காயப்படாமல் தேங்காய் நாரால் தேய்த்து நீக்கினால் முட்டையிட ஏற்ற வெடிப்புகள் குறையும். பத்து சதவீதச் சுண்ணாம்புக் கரைசலையும் தண்டில் தெளிக்கலாம். ஆண் வண்டு வெளியிடும் மணத்தால் பெண் ஈர்க்கப்படுவதைப் பயன்படுத்தி உருவாக்கிய இனக்கவர்ச்சிப் பொறிகளும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட நிழலே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. இவ்வண்டுகள் வெயிலில்தான் சுறுசுறுப்பாக இயங்கி, வெயில் படும் தண்டுகளையே முட்டையிடத் தேர்ந்தெடுக்கின்றன. எனவே விளைச்சலுக்கு வெளிச்சம் வேண்டும் என்றோ, மரத்தின் விலைக்காகவோ நிழல் மரங்களை அளவுக்கு மீறி வெட்டிய தோட்டங்களில் சேதம் கடுமையாகிறது. ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட இளஞ்செடிகள் ஓராண்டுக்குள் பட்டுப்போகக்கூடும். முதிர்ந்தவை சில பருவங்கள் தாங்கினாலும் விளைச்சல் குறையும். உங்கள் தோட்டத்தில் நிழல் மெலிந்த பகுதிகளிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.