தோண்டிய தெரு, ஏரியா பேப்பர், வாட்ஸ்அப் குரூப்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சென்னையில் அவரவர் ஏரியாவைப் பற்றியவை. அதனால் மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. எதற்குத் தோண்டினார்கள், எப்போது மூடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேப்பரிலும் வரவில்லை. யாரைக் கேட்பது?
– வாசகி, பெரம்பூர்

முதலில் பள்ளத்துக்குள் எட்டிப் பாருங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பெரிய இரும்புக் குழாய் தெரிந்தாலோ பக்கத்திலேயே மேன்ஹோல் திறந்து கிடந்தாலோ பெரும்பாலும் அது குடிநீர் வாரிய வேலை. கை தடிமனுக்குக் கருப்புக் கேபிள் போகிறதென்றால் மின்வாரியம். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சுருள் சுருளாக ஓரத்தில் கிடந்தால் இன்டர்நெட் கம்பெனி. தெரு ஓரமாக நீளத்துக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டால் மழைநீர் வடிகால், அது மாநகராட்சியே செய்வது. இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் "அது எங்க வேலை இல்லைங்க" என்று ஓர் ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு அலைய விடமாட்டார்கள்.

தோண்டியது யாராக இருந்தாலும் மாநகராட்சித் தெருவை வெட்ட மாநகராட்சியின் அனுமதி வேண்டும், தெருவைத் திரும்பப் போடுவதற்கு முன்கூட்டியே பணமும் கட்ட வேண்டும். அதனால் உங்கள் வார்டு உதவிப் பொறியாளருக்கு விஷயம் தெரிந்திருக்கும், தெரிந்திருக்க வேண்டும். மாநகராட்சியின் புகார் தொலைபேசி 1913க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். தெருப் பெயரோடு விடாமல், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே என்றும் சொல்லுங்கள். மூடாமலேயே "சரி செய்யப்பட்டது" என்று செய்தி வந்தால் அன்றே போட்டோ எடுத்து மாநகராட்சியின் நம்ம சென்னை ஆப்பில் திரும்பப் போடுங்கள். அதற்கும் அசையவில்லையா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு. அனுமதிக் கடிதத்தின் நகல், வேலை முடிய வேண்டிய தேதி, ஒப்பந்ததாரர் பெயர், இந்த மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். நான் பார்த்தவரை மனு போய்ச் சேர்ந்த வாரமே ஜல்லி லாரி வந்து நின்ற தெருக்கள் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் இன்று ராத்திரிக்கு அந்தப் பள்ளத்தைச் சுற்றித் தடுப்பும் விளக்கும் வைக்கச் சொல்லி ஒரு புகார் போடுங்கள். பருவமழை வந்து தண்ணீர் தேங்கிவிட்டால் பள்ளம் எது, ரோடு எது என்று வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

வாராவாரம் இலவசமாக ஏரியா பேப்பர் வாசலில் விழுகிறது. முக்கால்வாசி விளம்பரம். எல்லாம் போனிலேயே வந்துவிடும் காலத்தில் இந்தப் பேப்பருக்கு இன்னும் அவசியம் இருக்கிறதா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

இருக்கிறது. மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அண்ணாநகர் டைம்ஸ் என்று நம் ஊரில் ஏரியா பேரிலேயே பேப்பர் நடத்தும் வழக்கம் பல வருஷமாக இருக்கிறது. காசு வாங்காமல் வீடு வீடாகப் போடுகிறார்கள், தையல் கடையும் டியூஷன் சென்டரும் தரும் விளம்பரத்தில்தான் அது நடக்கிறது, அதனால் விளம்பரம் அதிகம் என்று கோபப்படாதீர்கள். அந்த விளம்பரமே ஒரு செய்திதான். எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு காலி, எந்த மெஸ் புதிதாகத் திறந்திருக்கிறது, வயதானவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் குடும்பம் எது, இதெல்லாம் ஒரு ஏரியா எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதை நாலு பக்கக் கட்டுரையைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

போனில் வருவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். பேப்பரில் தப்பாக வந்தால் ஆபீஸுக்குப் போய்க் கேட்கலாம், அடுத்த வாரம் திருத்தம் போடச் சொல்லலாம். யாரோ அனுப்பிய ஃபார்வர்டை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

எனக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. இந்தப் பேப்பர்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருகின்றன. அதே தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், நாலு வீட்டில் வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மா, இவர்களில் பலரால் அதைப் படிக்க முடிவதில்லை. ஆங்கிலம் படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதும்போது பொதுக் கழிப்பறை, தண்ணீர் லாரி, ரேஷன் கடை திறக்கும் நேரம் எல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஒவ்வொரு ஏரியாவுக்கும் தமிழில் நாலு பக்கப் பேப்பர் ஒன்று வர வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாராவது தொடங்கினால் எனக்கு எழுதுங்கள், என்னால் ஆன உதவி செய்கிறேன்.

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஏதாவது எச்சரிக்கை வருகிறது. எது நிஜம், எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குரூப்பை விட்டே வெளியேறிவிடலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

வெளியேறாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்த மாடியில் ஆள் சிக்கியிருக்கிறார்கள், எந்த மண்டபத்தில் சாப்பாடு போடுகிறார்கள், எங்கே படகு வந்திருக்கிறது என்று சொன்னது இந்த மாதிரி குரூப்கள்தான். அதே நாட்களில்தான் நாசா சொன்னதாக ஒரு பேய்மழைக் கணக்கும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றன என்ற கதையும் சுற்றின. இரண்டும் பொய். மாடியில் கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் செய்திகள் என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள்.

அதைவிடக் கொடுமை 2018இல் நடந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கோயிலுக்கு வழி கேட்டுப் போனவர் அவர், சென்னையிலிருந்து போனவர். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பாதிப் பேர் 'எதற்கும் ஒரு ஜாக்கிரதைக்கு' என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த வருஷம்தான் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு போட்டது.

நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். செய்தியில் தேதி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். "நாளை காலை 9 முதல் 2 வரை மின்தடை" என்று வரும், எந்த நாளைக்கு நாளை? போன வருஷம் யாரோ போட்டது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அப்புறம் இடம். "நம்ம ஏரியாவில்" என்று மட்டும் இருந்தால் எந்தத் தெரு, எந்த வீட்டுப் பக்கம் என்று அனுப்பியவரிடமே கேட்பேன். "எனக்கும் ஃபார்வர்டாக வந்ததுதான்" என்றால் அதோடு அது என்னிடம் நின்றுவிடும்.

காணாமல் போன குழந்தையின் போட்டோ விஷயத்தில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும். குழந்தை அன்று சாயங்காலமே கிடைத்திருக்கும், ஆனால் போட்டோ மட்டும் வருஷக்கணக்காகச் சுற்றும், அந்தப் பெற்றோருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். அனுப்புவதற்கு முன் அந்த எண்ணுக்கு நீங்களே பேசிவிடுங்கள், கிடைத்துவிட்டால் "கிடைத்துவிட்டது" என்பதையும் அதே குரூப்பில் அதே வேகத்தில் போடுங்கள்.

ஆடி மாதம் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினால் ராத்திரி பன்னிரண்டு வரை ஓய்வதில்லை. வீட்டில் ஹார்ட் ஆபரேஷன் செய்த அப்பா இருக்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், வியாசர்பாடி

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. திருவிழா, கலாச்சார நிகழ்ச்சிகளுக்காக வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், ஆனால் அரசு முன்கூட்டி அறிவித்த நாட்களுக்கு மட்டும்தான் அது செல்லும். போலீஸில் எழுத்து மூலம் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும்.

சட்டம் இவ்வளவுதான். இருந்தாலும் ராத்திரி பதினொன்றுக்கு 100க்குப் போன் செய்வதற்கு முன்னால், கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே விழாக் கமிட்டிக்காரர்களை நேரில் பாருங்கள். அப்பாவின் நிலைமையைச் சொல்லி, உங்கள் வீட்டைப் பார்த்திருக்கும் பாக்ஸை மட்டும் வேறு பக்கம் திருப்பக் கேளுங்கள். பெரும்பாலும் செய்வார்கள், உங்கள் அப்பா அந்தக் கோயிலுக்கு வரி கொடுத்தவராகத்தான் இருப்பார். கேட்டும் செய்யவில்லை என்றால் தயங்காமல் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

தெருவில் பந்தல் போட்டுக் காதுகுத்து நடத்த யாரிடம் அனுமதி?
– வாசகர், தண்டையார்பேட்டை

போலீஸ் ஸ்டேஷன், மாநகராட்சி வார்டு அலுவலகம், இரண்டு இடத்திலும். ஆம்புலன்ஸ் போக வழி விட்டுக் கட்டுங்கள். பந்தல் கால் நட ரோட்டைத் துளைக்காதீர்கள், மணல் நிரப்பிய டிரம்மில் நிறுத்தலாம்.

கிராமத்தில் கிராம சபை கூடுகிறது. சென்னையில் அந்த மாதிரி ஒன்றும் கிடையாதா?
– வாசகர், அம்பத்தூர்

உண்டு, நிறையப் பேருக்குத் தெரியவில்லை என்பதுதான் வருத்தம். பெயர் ஏரியா சபை, பகுதி சபை என்றும் சொல்கிறார்கள். 1992இல் வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தமே நகரங்களுக்கு வார்டு கமிட்டி வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டி, ஏரியா சபை இரண்டுக்குமான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பம்மலில் நடந்த ஏரியா சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார்.

அதற்கு முன்னால் இருந்த நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மாமன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரின் 200 வார்டுகளில் ஒன்றுக்குக்கூடக் கவுன்சிலர் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்று வாசலில் நின்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் அத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம். கிடைத்த சபையைச் சும்மா விடலாமா? அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு, அதை உங்கள் தெருவில் பால் பூத் பக்கம் எழுதி ஒட்டுங்கள். போகும்போது எழுத்து மூலம் மனு எடுத்துப் போங்கள், வாய்வார்த்தையாகச் சொல்வது காற்றோடு போய்விடும்.

மெட்ராஸ் டேவுக்கு மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் நடை, கண்காட்சி எல்லாம் வைக்கிறார்கள். எங்கள் மடிப்பாக்கத்தில் கோட்டையும் இல்லை, பழைய கட்டடமும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, மடிப்பாக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மெட்ராஸ் நிலம் கிடைத்த நாளாகச் சொல்லப்படும் 1639 ஆகஸ்ட் 22ஐ வைத்துக் கொண்டாடுவதுதான் மெட்ராஸ் டே. எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் 2004இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அவரவர் செலவில், அவரவர் இடத்தில் நடத்திக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் அது இவ்வளவு வளர்ந்தது. உங்களுக்கும் யார் அனுமதியும் தேவையில்லை.

மடிப்பாக்கத்துக்கு ஏரி இருக்கிறதே! 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை ஊராட்சியாக இருந்த இடம், வயலையும் மனையையும் நேரில் பார்த்தவர்கள் இன்னும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்கு அழைத்து உட்கார வையுங்கள். ஏரித் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும், முதல் பஸ் எதுவரை வந்தது, கிணற்றுத் தண்ணீர் எப்போது உப்பானது, மனை வாங்கியபோது பக்கத்து வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது, இப்படிக் கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும், போனில் பதிவு செய்யட்டும். கிரகப்பிரவேச ஆல்பத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் ஆட்களுக்குப் பின்னால் தெரியும் வெற்று நிலம்தான் உங்கள் கண்காட்சி. தண்ணீர் போகும் வழியைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஒரு வரைபடம் போட்டுவிட்டால், டிசம்பரில் ஏன் உங்கள் தெருவில் மட்டும் முட்டியளவு நிற்கிறது என்பதற்கும் காரணம் கிடைக்கலாம், அதை ஏரியா சபையில் வைக்கலாம்.

மகள் இதழியல் படிக்கிறாள். ஏரியா செய்தி எழுத ஆசைப்படுகிறாள். எங்கே தொடங்கச் சொல்வது?
– வாசகர், குரோம்பேட்டை

பூட்டிக் கிடக்கும் ஒரு பூங்காக் கழிப்பறையில் தொடங்கச் சொல்லுங்கள். சாவி யாரிடம், எப்போது கட்டினார்கள், பராமரிப்பு யார் பொறுப்பு, தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, தினமும் நடக்க வரும் பெண்கள் என்ன செய்கிறார்கள். இந்த ஐந்துக்கும் பதில் வாங்கினாலே நல்ல செய்தி. அடுத்த மாதம் திரும்பப் போய்த் திறந்ததா என்று பார்த்து அதையும் எழுத வேண்டும், இதைத்தான் பெரிய பேப்பர்கள் செய்வதில்லை. பெயர், தேதி, இடம் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், ஞாபகத்தை நம்ப வேண்டாம். வார்டு அலுவலகத்துக்குக் காலையிலேயே போகட்டும், அப்புறம் பொறியாளர்கள் சைட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.