வயித்து வலின்னு கையெழுத்து போட்டாச்சு, இனி கேஸ் நிக்குமா?

ஐயா, உங்க கடிதம் நாலு பக்கமும் படிச்சேன். ரெண்டாவது வருஷம் இன்ஜினியரிங் படிச்ச உங்க பொண்ணு ஹாஸ்டல்ல தற்கொலை பண்ணிக்கிட்டு மூணு வாரம் ஆச்சு, காலேஜ்ல இருந்து ஒருத்தர் கூட துக்கம் கேக்க வரல, மறுநாள் பேப்பர்ல போட்டோ போட்டு காதல் தோல்வின்னு எழுதிட்டாங்க, ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடணும், இப்ப காலேஜ் தரப்புல அஞ்சு லட்சம் தர்றதா ஆள் அனுப்பறாங்க வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கேஸைத் தீர்மானிக்கிற விஷயத்த மூணாவது பக்கத்துல போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. பாடி சீக்கிரம் கெடைக்கணும்னா வயித்து வலின்னு குடுங்கன்னு வார்டன் சொல்ல, ஸ்டேஷன்ல ரைட்டர் எழுதினதுல நீங்க கையெழுத்து போட்டது.

துக்கம் கேக்க வராதது குத்தம் இல்ல, அதை விட்டுடுங்க. இந்தக் கையெழுத்துதான் பிரச்சனை. நம்ம ஊர்ல "தீராத வயிற்று வலி"ன்னு எத்தனை எஃப்ஐஆர் பாத்திருக்கேன், அது பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்ற நடைமுறைச் சட்டத்துல 194ல, அதாவது பழைய சிஆர்பிசி 174ல, வெறும் மரண விசாரணையா பதிவாகி அப்படியே மூடிடுவாங்க. நாளைக்கு நீங்க தற்கொலைக்குத் தூண்டுதல்னு, அதாவது பிஎன்எஸ்ங்கற புது தண்டனைச் சட்டத்துல 108, பழைய ஐபிசி 306, கேஸ மாத்தச் சொன்னா எதிர் வக்கீல் மொதல்ல நீட்டறது உங்க புகாரத்தான். அன்னிக்கு சொன்னது பொய்யா இன்னிக்கு சொல்றது பொய்யான்னு கேப்பாங்க, பெத்தவங்க கூண்டுல பதில் இல்லாம நிக்கறத பாத்துட்டுதான் சொல்றேன்.

அதனால இந்த வாரமே எஸ்பிக்கு ரிஜிஸ்டர் தபால்ல மனு போடுங்க. யார் சொல்லி எழுதினீங்க, பக்கத்துல யார் இருந்தாங்க, பொண்ணுக்கு வயித்து வலிக்கு எந்த வைத்தியமும் பாத்தது இல்ல, எல்லாம் வரணும். செக்ஷன் ஆல்டர் பண்ணச் சொல்லுங்க, மாஜிஸ்திரேட் முன்னாடி பிஎன்எஸ்எஸ் 183ல வாக்குமூலம் குடுக்க தயார்னும் எழுதுங்க. நாள் போகப் போக "இப்ப காசுக்காக மாத்திப் பேசறாங்க"ன்னு ஆயிடும். விசாரிச்சு முடிச்சாச்சுன்னு ஸ்டேஷன்ல சொன்னா 2025 மார்ச்ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப காட்டுங்க, டெல்லி ஐஐடி மாணவர்கள் ரெண்டு பேர் இறந்த கேஸ், மரண விசாரணை முடிச்சதையே காரணமா சொல்லி எஃப்ஐஆர் போடாம இருக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஹாஸ்டல் சிசிடிவிய அழிக்கக்கூடாதுன்னு காலேஜுக்கு இன்னிக்கே நோட்டீஸ், அது தானா மேல மேல பதிவாகி போயிடும். பொண்ணோட செல்போன நீங்க நோண்டாதீங்க, போலீஸ்ல குடுத்து ரசீது வாங்குங்க.

அடுத்தது மைக். யூடியூப் சேனல்காரங்க வந்தா பேசாதீங்க. 2022ல கள்ளக்குறிச்சி மாணவி கேஸ்ல ஆளாளுக்கு தனி விசாரணை நடத்தி கடைசில ஹைகோர்ட்டே கண்டிக்க வேண்டி வந்துச்சு. ஆத்திரத்துல நீங்க சொல்ற ஒரு பேர், ஒரு நேரம் மாறினாலும் அந்த வீடியோ எதிர்தரப்பு ஆதாரம்.

பேப்பர் மேல கேஸ் போட்டு பணமும் வருஷமும் வீணாக்காதீங்க. இறந்தவங்களப் பத்தின அவதூறுன்னா குடும்பத்த புண்படுத்தணும்னே எழுதினாங்கன்னு நிரூபிக்கணும், கஷ்டம். தற்கொலை செய்தி எப்படிப் போடணும்னு பிரஸ் கவுன்சில் 2019லயே விதிமுறை குடுத்திருக்கு, மொதல்ல எடிட்டருக்கு எழுதிட்டு ரெண்டு மாசத்துக்குள்ள அங்க புகார் குடுங்க, கண்டிப்பாங்க, காசு கெடைக்காது. ஆனா அந்த கட்டிங்க பத்திரமா வைங்க. ஸ்டேஷன்ல வயித்து வலி, பேப்பர்ல காதல் தோல்வி, ஒரே நாள்ல ரெண்டு காரணம் எங்க இருந்து வந்துச்சுன்னு நாம கேக்கணும்.

வீட்டம்மா சாப்பிடறதே இல்ல, நானும் போயிடறேன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்கள தனியா விடாதீங்க, இன்னிக்கே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, கேஸ் அப்புறம்.

இப்ப அந்த அஞ்சு லட்சம். நீங்களா தொகை கேட்டு போன்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது, ரெக்கார்ட் பண்ணி மிரட்டிப் பணம் கேட்டாங்கன்னு உங்க மேலயே புகார் வரும். போன் ரிப்போர்ட் வரட்டும். அதுல குறிப்பிட்ட ஆள் தொடர்ந்து டார்ச்சர் பண்ணின மெசேஜ் இருந்தா பணத்தத் தொடாதீங்க, 306 கேஸ சமாதானம் ஆயிட்டோம்னு சொல்லி ரத்து பண்ண முடியாதுன்னு 2022லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, பணம் வாங்கினா உங்க சாட்சியம்தான் கெடும். அட்டெண்டன்ஸுக்கு திட்டினாங்க, அரியருக்கு திட்டினாங்க அவ்வளவுதான்னா 108 நிக்காது, வலிச்சாலும் உண்மை அதுதான், அப்ப வாங்கிக்கங்க. வக்கீல் மூலமா, பேங்க் டிராஃப்ட்டா, கருணைத் தொகைன்னு மட்டும் எழுதி. "சாவில் சந்தேகம் இல்லை"ன்னு ஒரு வரி இருந்தா கையெழுத்து போடாதீங்க.