பேனரைக் கூட்டுவதா, இடத்தை மாற்றுவதா? விளம்பர வருமானம் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

வாசகர் கேள்வி: வீட்டு மின்சாதனங்களை நாமே பழுது பார்ப்பது எப்படி என்று எழுதும் தளம் ஒன்றை நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் கூகுள் தேடல் வழியாக, மொபைலில் வருகிறார்கள். தலைப்புக்கு மேல் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கட்டுரை முடிவில் ஒன்று என கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் மூலம் மூன்று பேனர் வைத்திருக்கிறேன். வாசகர்கள் கூடியிருக்கிறார்கள், வருமானம் அந்த அளவுக்குக் கூடவில்லை. எந்த வகை விளம்பரத்துக்கு மாறலாம்? இன்னும் இரண்டு பேனர் சேர்த்தால் சரியாகுமா? பின்னால் தனி ஜன்னலில் திறக்கும் பாப்-அண்டர் விளம்பரம் போடச் சொல்லி ஒரு நிறுவனம் வேறு அழைத்துக்கொண்டே இருக்கிறது.

பதில்: உங்கள் தளத்தை ஒரு முறை மொபைலில் திறந்து, வாசகர் படிக்கிற வேகத்தில் நகர்த்திப் பாருங்கள். மொபைலில் பக்கவாட்டு என்று ஓர் இடமே கிடையாது. டெஸ்க்டாப்பில் வலது ஓரத்தில் நிற்கும் அந்த பேனர், மொபைலில் கட்டுரையும் தொடர்புடைய பதிவுகளும் முடிந்த பிறகு அடியில் போய் விழுந்திருக்கும். அதுவரை யாரும் போவதில்லை. கட்டுரை முடிவில் இருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை என்று தேடி வந்தவர், ஃபில்டரைக் கழற்றும் படி வந்ததுமே போனைத் தரையில் வைத்துவிட்டு வேலையில் இறங்கிவிடுவார். தலைப்புக்கு மேல் உள்ள பேனரோ, அது முழுதாக வந்து சேர்வதற்குள் விரலால் தள்ளப்பட்டு மேலே போய்விடும். ஆக, மூன்று விளம்பரங்கள் ஏற்றப்படுகின்றன, உருப்படியாகக் கண்ணில் படுவது ஒன்றுகூட இல்லை.

விளம்பரதாரர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பேனரின் பரப்பில் பாதியாவது திரையில் தொடர்ந்து 1 விநாடி தெரிந்தால்தான் அது பார்க்கப்பட்டதாகக் கணக்கு. வீடியோ என்றால் 2 விநாடி. இந்தத் துறை முழுதும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இது. ஒவ்வொரு விளம்பர இடமும் ஏலத்தில்தான் விற்கப்படுகிறது. அந்த ஏலத்தில் விலை கேட்கும் மென்பொருள்கள், உங்கள் தளத்தின் குறிப்பிட்ட இடம் இதுவரை எத்தனை சதவீதம் கண்ணில் பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் விலை சொல்கின்றன. யாரும் பார்க்காத இடத்துக்கு அடிமாட்டு விலைதான் வரும். இன்னும் இரண்டு பேனர் சேர்த்தால் யாரும் பார்க்காத இடங்கள் மூன்றுக்குப் பதில் ஐந்து ஆகும், அவ்வளவுதான். அதனால் அந்த யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கூகுள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தன் விளம்பர அமைப்புகள் வழியே போன காட்சி விளம்பரங்களில் 56.1 சதவீதம் யார் கண்ணிலும் படவே இல்லை என்று சொல்லியிருந்தது. அதிகம் கண்ணில் படும் இடம் பக்கத்தின் உச்சி அல்ல, முதல் திரையின் அடிப்பகுதி என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். வருடங்கள் ஓடிவிட்டாலும் இந்த இரண்டாவது விஷயம் மாறவில்லை. உச்சியில் பெரிய பேனர் வைக்கும் பழக்கம் ஏனோ இன்னும் போகவில்லை. உங்கள் ஆட்சென்ஸ் அறிக்கையில் ஆக்டிவ் வியூ என்று ஒரு கணக்கு இருக்கும், விளம்பரம் எத்தனை சதவீதம் கண்ணில் பட்டது என்பதைச் சொல்வது அது. ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் அதைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். 30, 40 சதவீதத்தில் கிடப்பவற்றை முதலில் இடம் மாற்றுங்கள்.

எங்கே மாற்றுவது? உங்கள் மாதிரித் தளத்தில் வாசகர் கண் நிற்கும் இடம் படிகளுக்கு நடுவில்தான். "மூடியைத் திறக்கும் முன் அடியில் ஒரு தட்டு வையுங்கள்" என்று படித்தவர் தட்டைத் தேடி எழுந்து போவார். அப்போது திரை அப்படியே நிற்கும். அந்தப் படிக்குக் கீழே ஒரு 300×250 பிக்சல் பேனர் இருந்தால் அது பல விநாடி கண்ணெதிரே இருக்கும். மொபைலிலும் டெஸ்க்டாப்பிலும் ஒன்றுபோல் செல்லுபடியாகும் அளவு என்பதால் 300×250க்குப் போட்டியிடும் விளம்பரதாரர்களும் அதிகம். 336×280ம் நல்ல அளவுதான், ஆனால் அகலம் குறைந்த போன்களில் திரையை விட்டு வெளியே நீளும். 468×60 எல்லாம் 1994இல் முதல் பேனர் விளம்பரம் வந்த காலத்து அளவு. எங்காவது மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படிகளுக்கு நடுவில் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. "அடுத்த படம்" என்ற அம்புக்குறியை ஒட்டி விளம்பரத்தை வைக்கவே வைக்காதீர்கள். ஈரக்கையோடு கட்டைவிரலால் தட்டுகிறவர் விளம்பரத்தைத் தட்டிவிடுவார். கிளிக் விழுந்தால் லாபம்தானே என்று ஒரு காலத்தில் வேண்டுமென்றே இப்படி வைத்தவர்கள் உண்டு. தவறிப்போய் விழும் கிளிக்குகளை அப்போதே கூகுள் கழித்துக்கொண்டிருந்தது, கணக்கை முடக்கவும் செய்தது. 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் கிளிக்குக்கு இவ்வளவு என்று பணம் தருவதில்லை. விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்துத்தான் தருகிறது. ஆகவே பழைய வீடியோக்களில் சொல்லித் தரும் கிளிக் வாங்கும் உத்திகளை மறந்துவிடலாம்.

கட்டுரைக்குள் எத்தனை வைக்கலாம் என்றும் கேட்பீர்கள். கோலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ் என்ற கூட்டமைப்பின் விதிப்படி, மொபைலில் விளம்பரங்களின் மொத்த உயரம் கட்டுரைப் பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டுரை 4000 பிக்சல் நீளம் என்றால் நான்கு 300×250 போட்டாலே 25 சதவீதம் ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால் அந்த நீளத்துக்கு இரண்டு போதும், நன்றாக ஓடினால் மூன்று. ஒரு விளம்பரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது ஒன்றரைத் திரை எழுத்து இருக்கட்டும். இந்த விதியைத் தொடர்ந்து மீறும் தளங்களில் குரோம் பிரௌசர் ஒரு விளம்பரத்தையும் காட்டாமல் தடுத்துவிடும். 2018 பிப்ரவரியில் தொடங்கி, 2019 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க இது நடப்பில் இருக்கிறது.

இனி உங்கள் முக்கியக் கேள்வியான வடிவத்துக்கு வருகிறேன். மொபைல் வாசகர்கள் அதிகம் உள்ள தளத்துக்கு நான் முதலில் சொல்வது ஆங்கர் விளம்பரம், அதாவது திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும் மெலிந்த பட்டை. வாசகர் எங்கே நகர்ந்தாலும் அது கண் முன்னே இருக்கும். வேண்டாம் என்றால் சுருக்கிவிடலாம். கட்டுரையில் எந்த இடத்தையும் அது பிடிப்பதில்லை. விளம்பரங்களை ஆட்சென்ஸ் தானாகவே வைக்கும் ஆட்டோ ஆட்ஸ் செட்டிங்கில் ஒரு பொத்தானைத் தட்டினால் வந்துவிடும். உங்கள் மெனு அல்லது வாட்ஸ்அப் பொத்தான் திரையின் அடியில் இருந்தால் அதை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுங்கள்.

அதே செட்டிங்கில் விக்னெட் என்று ஒன்று இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து உங்கள் தளத்தின் இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது முழுத்திரையில் வருவது. ஒரு தடவை காட்டுவதற்கு நல்ல பணம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் தேடலில் வந்து ஒரே பக்கத்தைப் படித்துவிட்டுப் போகிறவர்களிடம் அது தோன்றவே வாய்ப்புக் குறைவு. இரண்டு மூன்று பக்கம் புரட்டுகிறவர்கள்தான் அதில் மாட்டுவார்கள், அவர்கள்தான் உங்கள் நல்ல வாசகர்கள். அதனால் அடிக்கடி வராதபடி இடைவெளியைக் கூட்டிவைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஆட்டோ ஆட்ஸ் தானாகவே கட்டுரைக்குள் விளம்பரம் செருகுவதை மட்டும் நான் அணைத்துவிடுவேன். மின் இணைப்பைத் துண்டியுங்கள் என்ற எச்சரிக்கைக்கும் அடுத்த படிக்கும் நடுவில் அது ஒரு விளம்பரத்தைப் போட்டால் வாசகருக்கு ஆபத்து. எந்த இடத்தில் எழுத்து அறுபடக் கூடாது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது.

நேட்டிவ் விளம்பரங்கள், அதாவது உங்கள் பதிவுப் பட்டியலைப் போலவே தோற்றம் கொண்டவை, முகப்புப் பக்கத்துக்குப் பொருந்தும். உங்களுக்கு முகப்புக்கு வருகிறவர்கள் குறைவு என்பதால் பெரிய பலன் இராது. வீடியோ விளம்பரத்துக்கு விலை அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அந்த விலை வாசகர் தானே விரும்பி ஓடவிட்டுப் பார்க்கும் வீடியோவுக்கு. சொந்தமாகப் பழுது பார்க்கும் வீடியோ எடுக்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம். ஒரு மூலையில் தானாக ஓடும் சம்பந்தமில்லாத வீடியோவை ஒட்டிவைப்பது பக்கத்தை மெதுவாக்கும். சத்தத்தோடு ஓடினால் மேலே சொன்ன கூட்டமைப்பின் தடைப் பட்டியலிலும் வந்துவிடும்.

இவ்வளவும் செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். விளம்பரம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளினால், படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போய்விடும். இப்படி எழுத்து இடம் மாறுவதைக் கூகுள் சிஎல்எஸ் என்ற எண்ணால் அளக்கிறது, அது 0.1க்குள் இருந்தால் நல்லது. விளம்பரம் வரப்போகும் பெட்டிக்கு 280 பிக்சல் குறைந்தபட்ச உயரம் என்று பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் குறியீட்டில் முன்கூட்டியே எழுதிவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கீழே இருப்பவற்றை லேஸி லோடிங்கில் போடுங்கள். வாசகர் அருகில் வரும்போது மட்டும் ஏறினால் பக்கமும் வேகமாகத் திறக்கும், கண்ணில் படும் விகிதமும் உயரும்.

பலனை எப்படி அளப்பது? பலர் ஆர்பிஎம்மை மட்டும் பார்க்கிறார்கள், அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு வருமானம் என்பதை. அது ஏமாற்றும். ஒரு கணக்குக்கு, 1000 பேர் வந்து ஆளுக்கு 2 பக்கம் பார்க்கிறார்கள், ஆர்பிஎம் 100 என்று வையுங்கள். மொத்தம் 200. எரிச்சல் மூட்டும் ஒரு விளம்பரத்தைச் சேர்த்ததும் ஆர்பிஎம் 130 ஆகிறது, ஆளுக்கு 1.4 பக்கமாகக் குறைகிறது. மொத்தம் 182தான். அறிக்கையில் ஆர்பிஎம் ஏறியிருக்கும், கைக்கு வருவது குறைந்திருக்கும். ஆகவே ஆயிரம் வருகைக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் பக்கவாட்டு பேனரைப் படிகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள், இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் ஆங்கர். ஆட்டோ ஆட்ஸ் மாற்றங்களுக்கு ஆட்சென்ஸிலேயே சோதனை வசதி இருக்கிறது. வாசகர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பழையதையும் மறுபாதிக்குப் புதியதையும் அதுவே காட்டும். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். முக்கியமாக டிசம்பரையும் ஜனவரியையும் ஒப்பிட வேண்டாம். ஆண்டு முடிவில் விளம்பரதாரர்கள் கையில் மிச்சமிருக்கும் பணத்தைக் கொட்டுவார்கள், ஜனவரியில் விலை தானாக இறங்கும். வாசகர்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள், தலைப்பு எது என்பவையும் விலையை மாற்றும். பல சமயம் வடிவத்தைவிட அவைதான் அதிகம் மாற்றுகின்றன. வாசகர்கள் கூடியும் உங்கள் வருமானம் கூடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புதிதாக வந்தவர்கள் எந்த நாட்டினர், எந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பாப்-அண்டர் வேண்டாம். வாசகருக்குத் தெரியாமல் பின்னால் ஒரு ஜன்னலைத் திறக்கும் விளம்பரம் அது. தளத்தில் நடமாடுவதையே குலைக்கும் பாப்-அப், பாப்-அண்டர் உள்ள தளங்களில் தன் விளம்பரங்களைக் காட்ட ஆட்சென்ஸ் விதிகள் அனுமதிப்பதில்லை. கூடுதலாக வரும் சில்லறைக்காக இருக்கும் கணக்கையே இழக்க நேரலாம். அடுத்த முறை அந்த நிறுவனம் அழைத்தால், சாதாரண 300×250 இடத்துக்கு என்ன விலை தருவீர்கள் என்று கேளுங்கள். சொல்லும் விலை நன்றாக இருந்தால், உங்கள் இடத்தை விற்க அனுமதி பெற்றவர்களைப் பட்டியலிடும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் அவர்கள் பெயரையும் சேர்த்து, வருகை குறைந்த சில பக்கங்களில் மட்டும் முதலில் ஓடவிட்டுப் பாருங்கள்.