பொங்கலோடு விட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா,
ஈராசிரியர் பள்ளியில் 11 ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியர். ஐந்து வகுப்பு, 38 பிள்ளைகள். தலைமையாசிரியர் பாதி நாள் கூட்டத்துக்குப் போய்விடுகிறார். எமிஸ் என்கிற அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் எல்லாம் ஏற்றி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. திருப்பூரில் மைத்துனர் கணக்கு பார்க்கக் கூப்பிடுகிறார். பொங்கலோடு வேலையை விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியர்

அன்புள்ள தம்பிக்கு,

'பொங்கலோடு' என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

எமிஸ் கோபம் நியாயமானது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. தலையை எண்ணியவர்கள் வகுப்பை எண்ணவில்லை. சரி, அதைச் சங்கத்தில் பேசுங்கள். மைத்துனர் விஷயம் உங்கள் வீட்டு விஷயம்.

ஆனால் மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே! 11 வருஷம் ஆன வாத்தியாருக்கு அதுதானே முதலில் வர வேண்டும்?

நானும் சேந்தமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். சம்பளப் பிடித்தம், ஏச்சுப்பேச்சு. ஒரு டிசம்பரில் விட்டேன். என் வகுப்பில் ஒரு பையன், க முதல் கௌ வரை தப்பில்லாமல் ஒப்பிப்பான். புத்தகத்தில் 'கொக்கு' வந்தால் நின்றுவிடுவான். கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்பான். பின்னால் நிற்கும் காலை என்ன செய்வதென்று தெரியாது. ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு. இரண்டு விரலால் கொம்பையும் காலையும் மறைத்து 'க' என்று காட்டுவேன். அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து எடுப்பேன். தினமும் பத்து நிமிடம். இதைச் செயலி செய்யாது, சுவரில் ஒட்டிய அட்டை செய்யாது. ஒரே ஆள், அதே பிள்ளையோடு, வாரக்கணக்கில் உட்கார வேண்டும். நடுவில் நீங்கள் போனால் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் யாரையாவது அனுப்புவார்கள். அவர் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடும்.

அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் கொல்லிமலை பஸ் வந்து நின்றது. அவன் போர்டைப் பார்த்து, 'கொ' என்றான். சரியாகச் சொன்னான். அடுத்த எழுத்துக்கு வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜனவரியில் நான் பள்ளிக்குப் போகவில்லை.

போவதானால் ஏப்ரலில் போங்கள், தம்பி. அதற்கு முன், உங்கள் பிள்ளைகளில் 'கொ'வில் நிற்பது யார் யார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.