செஸ்டர்ஃபீல்டு தேவாலயக் கோபுரம் ஏன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது?

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்டு தேவாலயத்தின் ஊசிக்கோபுரத்தை வேண்டுமென்றே இப்படிக் கட்டினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நேராகத்தான் கட்டினார்கள். பிறகுதான் முறுக்கிக்கொண்டது.

தேவாலயத்தின் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல் கோபுரத்தின் தலையில் 1362 வாக்கில் ஓக் மரச்சட்டங்களால் இந்தக் கூம்பை எழுப்பினார்கள். தரையிலிருந்து உச்சிவரை 228 அடி. அன்றைய தச்சர்கள் ஓக்கைக் காயவைக்காமல் பச்சையாகவே அறுத்துப் பூட்டுவார்கள். காய்ந்துவிட்டால் உளி லேசில் இறங்காது. பச்சை மரம் காயக் காய வளையும். அதை இழுத்துப் பிடிக்கப் போதிய குறுக்குச் சட்டங்கள் உள்ளே இல்லை. 1348-49 கொள்ளைநோயில் கைதேர்ந்த தச்சர்கள் பலர் போய்விட்டதால் வந்த குறை இது என்பது பரவலான ஊகம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

அப்புறம் ஈயம். சுமார் 33 டன் தகடு மேலே போர்த்தியிருக்கிறது. வெயில் படும் தெற்குப் பக்கத்துத் தகடு கூடுதலாக விரிந்து சுருங்க, பளுவும் சேர்ந்து உச்சி ஒன்பதரை அடி விலகிவிட்டது. முறுக்கு 45 பாகை. தகடுகளை மீன்முள் மாதிரி சாய்வாகப் பதித்திருப்பதால் கண்ணுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும்.

சாத்தான் அதன்மேல் உட்கார்ந்து தும்மினான் என்று உள்ளூரில் ஒரு கதையும் உண்டு.