மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

*வணக்கம் ஐயா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கடவுள் நம்பிக்கை விட்டுப்போய் நாலு வருடமாகிறது. ஆனாலும் தைப்பூசத்துக்கு அம்மாவைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிப்போவது நான்தான். இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு தமிழர் நிறுவனத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் மதம் கேட்கிறார்கள். "இந்து என்று போட்டுவிட்டுப் போடா" என்கிறார் அம்மா. ஃபேஸ்புக்கில் எழுதியதையெல்லாம் அழிக்கச் சொல்கிறார் அண்ணன். என்ன செய்வது?*

*வாசகர், பினாங்கு*

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1970இல் வந்த ருக்குன் நெகாரா என்ற நம் மலேசிய தேசியக் கோட்பாடுகளில் முதலாவதே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பள்ளிச் சபைகூடலில் அதைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். "எனக்கு நம்பிக்கையில்லை" என்று ஒருவன் சொன்னால், இவன் கட்டுக்கு அடங்காதவன் என்றே பலர் காதில் விழுகிறது. அதற்காக நீங்கள் ஊரில் இல்லாத ஆள் என்று நினைக்க வேண்டாம். 1929 கடைசியிலேயே பெரியார் பினாங்கில் வந்து இறங்கிவிட்டார்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்? அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அரசு வேலையில் மதத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தனியார் முதலாளியை அது தொடாது. 1955 தொழிலாளர் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 69எஃப் என்ற பிரிவு இருக்கிறது. பாகுபாடு என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. நேர்முகத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே.

அதனால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இந்து என்று எழுத வேண்டாம். தகவல் அனைத்தும் உண்மை என்று படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவார்கள். சின்ன நிறுவனத்தில் முதல் ஆயுத பூசையிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். அப்புறம் பொய் சொன்னவன் என்ற பெயர்தான் நிற்கும்.

இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில் கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். ஆயுத பூசையன்று மிஷினுக்குச் சந்தனம் வைக்கச் சொன்னார் முதலாளி. எல்லார் முன்னாலும் முடியாது என்றேன். அவர் திட்டவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து வாடிக்கையாளர் யாரிடமும் என்னை அனுப்பவில்லை. பல மாதம் அது வலித்தது. மிஷின் பழுதானால் இவனால்தான் என்று மற்றவர்கள் பேசுவார்களே என்று அவர் பயந்தாராம், பிற்பாடு தெரிந்தது. மறு வருடம் ஒரு வாரம் முன்பே தனியாகப் போய்ப் பேசினேன். "சந்தனம் வைக்க மாட்டேன்ண்ணே, முதல் நாள் இரவே மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன்." சரி என்றார். நான் அங்கிருந்த கடைசி வருடம் வரை அது என் வேலையாகவே இருந்தது.

ஃபேஸ்புக்கில் உங்கள் கருத்தைச் சொன்ன பதிவுகள் இருக்கட்டும். கும்பிடுகிறவர்களைக் கேலி செய்தவை இருந்தால் எடுத்துவிடுங்கள். சூப்பர்வைசரானால் அவர்களோடுதானே வேலை செய்யப் போகிறீர்கள்? அப்படிப்பட்ட பதிவுகளுக்குத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் வழக்கும் வரலாம்.

நேர்முகத்தில் மதம் பற்றிக் கேட்டால், எனக்கு எழுதியதையே அவர்களிடமும் சொல்லுங்கள்: நம்பிக்கையில்லை, ஆனால் தைப்பூசத்துக்கு அம்மாவைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிப்போவது நான்தான்.