சூரஜ்குண்ட் மேளாவிற்கு முழங்கால் வலியுள்ள தாயாருடன் ஒரே நாள்

வணக்கம். தில்லியில் தங்கியிருக்கும் ஒரு நாளில், முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துக்கொண்டு சூரஜ்குண்ட் மேளா என்னும் கைவினைச் சந்தைக்குச் செல்ல இயலுமா என்றும், டோக்ரா எனும் உலோகச் சிலை வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகச் செல்லலாம். 1987 முதல் அரியானாவின் ஃபரிதாபாத்தில் வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் நடக்கும் இம்மேளாவில் வார இறுதியில் நெரிசல் மிகுதி. வார நாட்களில் நுழைவுக் கட்டணமும் குறைவு. ஆகவே வார நாள் ஒன்றில், வாயில் திறந்ததுமே உள்ளே சென்றுவிடுங்கள். மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் பதர்பூர் பார்டர் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் செல்லலாம். தாயாரின் நிலைக்கு, தங்குமிடத்திலிருந்தே வாடகைக் கார் பிடிப்பது நல்லது என்பேன். திடல் பரந்தது என்பதால் எல்லாக் கடைகளையும் பார்க்க முயலாதீர்கள். நாட்டுப்புற ஆட்டங்கள் நடக்கும் சௌபால் அரங்கில் அவரை அமர வைத்துவிட்டு, துணைக்கு ஒருவர் இருந்தால், நீங்கள் கடைகளைச் சுற்றி வரலாம். காலைக் குளிருக்குச் சால்வை அவசியம்.

டோக்ரா என்பது மெழுகு உருவத்தின்மேல் களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்க்கும் முறை. அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டியிருப்பதால், இரண்டு சிலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. கடையில் ஒரே உருவம் வரிசையாக, கோடு பிசகாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். உருவத்தில் மெழுகு நூல் சுற்றியதால் பதிந்த வரிகள் சற்றே ஏறுமாறாகத் தெரிவது குறையன்று. விற்பவரிடம் செய்முறையை விளக்கச் சொல்லுங்கள். தாமே செய்பவர் தயங்காமல் விவரிப்பார். அத்தகையவரிடம் கடுமையாகப் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.